அன்றாட வாழ்க்கையில் சக்தி: சின்னப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது?

சனிவகுப்பு டீச்சர் (கொட்டாஞ்சேனை) கேட்டது:

வணக்கம். எங்கள் ஒழுங்கையிலுள்ள பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலையில் ஒரு வகுப்பு நடத்துகிறேன். காசு வாங்குவதில்லை. தரம் 3 இலிருந்து தரம் 6 வரை கலந்து வருகிறார்கள். இதுவரை தமிழும் கணிதமும்தான். இந்தத் தவணை, வீட்டிலும் வீதியிலும் சக்தி எப்படிப் பயன்படுகிறது என்பதை எடுக்க ஆசைப்படுகிறேன்.

தொடங்குமுன் அவர்களுக்கு என்ன தெரியும் என்று அறிய ஒரு கேள்வி போட்டேன். ஃபோன் சார்ஜர், கேத்தல், ரீவி, பல்ப், இவற்றில் எது அதிகம் கரண்ட் இழுக்கும்? ஏறக்குறைய எல்லாக் கைகளும் சார்ஜருக்கு உயர்ந்தன. ஏன் என்று கேட்டால், "அது இரவு முழுக்கக் குத்தியிருக்கும் டீச்சர்." அடுத்த இடம் பல்புக்கு. கேத்தலுக்கு ஒரு கை கூட இல்லை. "அது ரெண்டு மூன்று நிமிசத்தில நின்றிடும்" என்றான் ஒருவன்.

பிள்ளைகள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. நாம் அவர்களிடம் சக்தி பற்றிப் பேசுவதே "லைட்டை நிப்பாட்டு", "சார்ஜரைக் கழற்று" என்று ஏசும்போதுதான். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் கையில் இருக்கிற ஃபோனும்தான் அவர்களுக்குக் கரண்ட். 2022 இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதும், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததும் பெரிய பிள்ளைகளுக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறது. அந்த ஞாபகத்தையும் இந்தப் பாடத்தையும் அவர்கள் சேர்த்துப் பார்ப்பதில்லை.

எனக்கு வேண்டியது இதுதான். எவ்வளவு என்ற உணர்வு பிள்ளைக்கு வரவேண்டும். இது கொஞ்சம், இது நிறைய என்று அவர்களே சொல்ல வேண்டும். ஆய்வுகூடம் கிடையாது. பாதிப் பிள்ளைகள் ஒற்றை அறை வீடுகளிலிருந்து வருகிறார்கள், சில வீடுகளில் கேத்தலே இல்லை. பிளக்கில் யாரும் விரலை விடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.


பழைய வயர்மன் எழுதியது:

டீச்சர், மீற்றரிலிருந்து தொடங்குங்கள்.

நான் கொழும்பில் வயரிங் வேலை செய்தவன், இப்போது மகன் பார்க்கிறான். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு "இவ்வளவு யூனிட் எங்கே போகிறது?" என்று கேட்காத வீட்டுக்காரர் இல்லை. ஆனால் வாசலில் இருக்கிற மீற்றரைப் போய்ப் பார்க்க மாட்டார்கள். அது வாசிக்க வருகிறவருக்குரிய சாமான் என்று ஒரு எண்ணம். வீட்டில் ஓடுகிற ஒவ்வொரு சாமானையும் பற்றி அது நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இப்போதுள்ள மீற்றர்களில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மின்னும் என்று அதன் முகப்பிலேயே எழுதியிருக்கும். 1000 இருக்கலாம், 1600 இருக்கலாம், 3200 உம் இருக்கலாம். நான் 1600 ஐ வைத்துச் சொல்கிறேன்.

வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஃபிரிஜ்ஜையும் கால் மணித்தியாலம் நிறுத்தலாம், கதவைத் திறக்காவிட்டால் ஒன்றும் கெடாது. பிறகு 9 வாட் எல்ஈடி பல்ப் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, பிள்ளைகளை மீற்றருக்கு முன்னால் நிறுத்தி, அடுத்த மின்னல் எப்போது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடையில் நாலு நிமிடத்துக்கு மேல் எடுக்கும். காலை மாற்றி மாற்றி நிற்பார்கள், "மீற்றர் பழுதோ?" என்று கேட்பார்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள், காத்திருக்கட்டும். ஃபோன் சார்ஜரும் கிட்டத்தட்ட இந்தக் கணக்குத்தான்.

அடுத்ததாக சீலிங் ஃபேன். 75 வாட் என்றால் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை. அயன் 1000 வாட், இரண்டு செக்கனுக்குக் கொஞ்சம் கூட. கடைசியாகக் கேத்தல். 2000 வாட் கேத்தல் என்றால் நிமிடத்துக்கு 53 தடவை மின்னும், கிட்டத்தட்ட செக்கனுக்கு ஒன்று. அவர்கள் முகத்தைப் பாருங்கள் அப்போது. நான் என் பேரப்பிள்ளைகளிடம் பார்த்தது, அதனால்தான் சொல்கிறேன்.

இரண்டு விசயம் கவனம். சுவிட்சைப் போடுவதும் எடுப்பதும் பெரியவர் ஒருவர் மட்டும். பிள்ளைகளுக்குக் கண்ணும் மணிக்கூடும் போதும், மீற்றர்ப் பெட்டியில் கை வைக்கக் கூடாது. தொடங்குமுன் வீட்டு ட்ரிப் சுவிட்சிலுள்ள (கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிட்ச்) சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பாடம் பிறகு.

உங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று குடும்பம் ஒரே மீற்றரில் இருக்கும் வீடுகள் நிறைய. அங்கே இது சரிவராது. உங்கள் வீட்டு மீற்றரிலேயே எல்லாருக்கும் காட்டிவிடுங்கள். பழைய தட்டு மீற்றர் என்றாலும் பரவாயில்லை, தட்டிலுள்ள கறுப்புக் கோடு எத்தனை தடவை சுற்றி வருகிறது என்று எண்ணலாம். அதிலும் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சுற்று என்று போட்டிருக்கும்.


நாலாம் மாடி (வெள்ளவத்தை) எழுதியது:

வயர்மன் ஐயா சொன்னது அருமையான தொடக்கம். அந்தச் சிவப்பு விளக்கைப் பிள்ளையின் உடம்போடு இணைத்துவிட்டால், டீச்சர் கேட்கிற "எவ்வளவு" என்ற உணர்வு வந்துவிடும். நான் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். என் வகுப்புக்கு வருகிறவர்களிலும் பலருக்கு இந்த உணர்வு இல்லை. சமன்பாடு கையில் இருக்கும், சக்தியை அளக்கிற அலகான யூல் ஒன்று என்றால் எவ்வளவு என்று கேட்டால் முழிப்பார்கள். அதனால் சின்ன வயதிலேயே இதைச் செய்ய வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஒரு யூனிட் என்பது 36 இலட்சம் யூல். அதை 1600 ஆல் பிரித்தால், விளக்கின் ஒரு மின்னலுக்கு 2250 யூல். தரம் 6 பிள்ளைக்கே இந்தப் பிரித்தல் வரும்.

ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்துக்குத் தூக்கிக்காட்டச் சொல்லுங்கள். அதற்குக் கிட்டத்தட்ட 10 யூல். ஒரு மின்னலுக்கு அதே போத்தலை ஏறக்குறைய 230 தடவை தூக்க வேண்டும். வகுப்பு முழுவதும் முறை வைத்துத் தூக்கட்டும், ஒருவர் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு எண்ணட்டும். கை வலிக்கத் தொடங்கியதும் மீற்றரின் ஒரே ஒரு மின்னலை நினைவுபடுத்துங்கள். கேத்தல் அதை ஒரு செக்கனுக்குக் கொஞ்சம் கூடுதலான நேரத்தில் விழுங்கிவிடுகிறது என்பது அப்போது கையில் உறைக்கும். முன்கூட்டியே சொன்னால் அது வெறும் கணக்கு. தூக்கிய பிறகு சொன்னால் அது அவர்களுடைய கணக்கு.

படிக்கட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. எங்கள் தொடர்மாடியில் லிப்ட் நிற்கிற நேரங்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஏறிவந்து மூச்சு வாங்குவார்கள். 30 கிலோப் பிள்ளை நான்கு மாடி, அதாவது ஏறக்குறைய 12 மீற்றர் ஏறினால், உடம்பைத் தூக்கச் செய்த வேலை 3500 யூலைக் கொஞ்சம் தாண்டும். மீற்றரில் ஒன்றரை மின்னல். கேத்தலுக்கு இரண்டு செக்கன் கூட இல்லை.

இங்கேதான் பிள்ளைகள் "அப்ப கேத்தல் ஏன் இவ்வளவு இழுக்குது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை பாடும். சூடாக்குவது மிகப் பெரிய வேலை. ஒரு லீற்றர் தண்ணீரை ஒரே ஒரு பாகை சூடாக்க வேண்டிய சக்தி, அதே தண்ணீரை 427 மீற்றர் உயரத்துக்குத் தூக்கப் போதும். தாமரைக் கோபுரம் 350 மீற்றர்தான். உங்கள் பக்கத்திலிருந்து கோபுரம் தெரியும் அல்லவா? ஒரு பாகைக்கே கோபுரத்தைத் தாண்டிப் போகிறது என்றால், தேத்தண்ணிக்குக் கொதிக்க வைக்க எழுபது பாகைக்கு மேல் வேண்டும். 1840களில் ஜேம்ஸ் யூல் என்ற ஆங்கிலேயர் பாரத்தைக் கீழே இறங்கவிட்டு, அதனால் தண்ணீருக்குள் ஒரு துடுப்பைச் சுழலவைத்து, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். வெப்பநிலை அவ்வளவு சொற்பமாகத்தான் ஏறியது. அதைப் பிடிக்க மிக நுண்ணிய வெப்பமானி வேண்டியிருந்தது. அலகுக்கு அவர் பெயரை வைத்ததற்கு இந்தப் பொறுமையே போதும்.

அதன் பிறகு வீட்டுவேலையாக ஒன்று கொடுங்கள். சாமான்களின் அடியிலோ பின்புறமோ ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டைப் பார்த்து வாட் எண்ணிக்கையைக் கொப்பியில் எழுதி வரட்டும். கேத்தல் இல்லாத வீட்டில் பல்பும் ஃபேனும் போதும். அடுத்த வகுப்பில் எல்லாவற்றையும் பலகையில் எழுதினால் அவர்களே கண்டுபிடிப்பார்கள்: சூடாக்குகிற சாமான் எல்லாம் மேலே, சுழல்கிறது நடுவில், வெளிச்சம் தருகிறது அடியில். ரைஸ் குக்கர், அயன், குளியலறை ஹீட்டர் எல்லாம் ஒரே குடும்பம் என்பது அப்போது தெரியும். தொடர்மாடியில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. 1000 லீற்றர் தாங்கியை 15 மீற்றர் உயரத்துக்கு மோட்டர் நிரப்புகிறது. மோட்டரில் வீணாவதைச் சேர்த்தால் கூட, கேத்தலில் ஒன்றிரண்டு லீற்றர் கொதிக்க வைக்கும் அளவுதான் போகிறது. உயர்தர மாணவர்களும் இதை முதலில் நம்புவதில்லை.

"இரவு முழுக்கக் குத்தியிருக்கும்" என்று சொன்ன பிள்ளைகளைப் பாராட்டுங்கள். நேரத்தையும் பார்க்க வேண்டும் என்பதை அவர்கள் யாரும் சொல்லாமலே பிடித்துவிட்டார்கள். சார்ஜரில் அது பலிக்காததற்குக் காரணம், பற்றரி நிரம்பியதும் இழுப்பு வெகுவாகக் குறைந்துவிடுவது. இப்போதுள்ள பெரிய பற்றரி ஃபோன் ஒன்றை முழுதாக நிரப்ப ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்கு போகும். ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்கிற செலவில் மூன்று தடவைக்கு மேல் நிரப்பலாம். ஆனால் ஃபிரிஜ்ஜில் அவர்கள் சொன்னது சரியாக வரும். ஒரு நேரத்தில் இழுப்பது அதிகமில்லை, நாள் முழுக்க ஓடுவதால் ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகிவிடுகிறது.

சாப்பாட்டையும் விட்டுவிடாதீர்கள். ஒரு துண்டுப் பாணில் கிட்டத்தட்ட 80 கிலோகலோரி. அதை அப்படியே வெப்பமாக்கினால் ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்கும். தசைகள் அதில் கால் பங்கை மட்டும் வேலையாக்கினாலும் அந்தப் பிள்ளை நான்கு மாடியை இருபது தடவைக்கு மேல் ஏறலாம். ஒரு பிள்ளை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவது ஏறக்குறைய இரண்டு யூனிட். இதை மட்டும் கவனமாகப் பேசுங்கள். "எரிப்பது", "குறைப்பது" என்ற பேச்சு வேண்டாம், பெண்பிள்ளைகளிடம் அது வேறு எங்கோ போய் நிற்கும். சோறும் பாணும் நம்மை ஓடவைக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.


மஸ்கெலியாக்காரன் எழுதியது:

நான் புறக்கோட்டையில் வேலை செய்கிறேன், ஊர் மஸ்கெலியா. அக்காவும் ஐயாவும் பிளக்கிலிருந்து இந்தப் பக்கம் எல்லாவற்றையும் அழகாகச் சொல்லிவிட்டீர்கள். பிளக்குக்கு அந்தப் பக்கமும் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும் என்பது என் ஆசை. கொழும்பில் வளர்கிற பிள்ளைக்குக் கரண்ட் சுவரிலிருந்து வருகிறது, தண்ணீர் குழாயிலிருந்து வருகிறது.

இந்த இரண்டையும் ஒரே கதையாகச் சொல்லலாம். எங்கள் பக்கத்தில் மவுசாக்கலை, காசல்ரீ என்று இரண்டு நீர்த்தேக்கங்கள். தென்மேல் பருவமழையில் நிரம்பும். அங்கிருந்து இறங்குகிற தண்ணீர் மின்நிலையம் மாறி மின்நிலையமாகச் சுழலிகளைச் சுற்றிக்கொண்டு போகிறது. காசல்ரீத் தண்ணீர் நோர்ட்டன்பிரிட்ஜில் விமலசுரேந்திர மின்நிலையம், பிறகு லக்ஷபான. மவுசாக்கலைத் தண்ணீர் கன்யன், புதிய லக்ஷபான. அதற்குக் கீழே பொல்பிட்டிய. பிறகு கித்துல்கல வழியாகக் களனி கங்கையாகி, அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டு, கொழும்புக் குழாய்களில் வருகிறது. உங்கள் பிள்ளைகள் கேத்தலில் ஊற்றுகிற தண்ணீரில் ஒரு பகுதி, வரும் வழியிலேயே கரண்டும் செய்துவிட்டு வந்த தண்ணீர். இதைச் சொன்னால் எந்தப் பிள்ளை மறக்கும்?

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்றும் சொல்லுங்கள். மொட்டை மாடிகளில் தெரிகிற 1000 லீற்றர் கறுப்புத் தாங்கி ஒன்று முழுதாக 100 மீற்றர் கீழே விழுந்தால் கால் யூனிட் வரும், அவ்வளவுதான். அக்கா சொன்ன கணக்கில் கேத்தலில் மூன்று லீற்றர் கொதிக்க வைக்கலாம். அதனால்தான் அவ்வளவு உயரமும் அவ்வளவு தண்ணீரும் வேண்டியிருக்கிறது. மவுசாக்கலையைக் கட்டியபோது எங்கள் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயிலின் சுவர்கள் வெளியே தெரியும், ஆட்கள் போய்ப் பார்ப்பார்கள். டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918 இலேயே இந்த மலைத் தண்ணீரில் நாட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதி வைத்தார். லக்ஷபான வேலைசெய்யத் தொடங்கியது 1950 இல்.

தண்ணீர் மட்டும் என்று நினைத்துவிடவும் கூடாது. நுரைச்சோலையில் நிலக்கரி, 900 மெகாவாட். மன்னாரில் 2020 கடைசியில் திறந்த காற்றாலைகள். உங்கள் பக்கத்திலேயே களனி ஆற்றங்கரையில் களனிதிஸ்ஸ, எண்ணெயில் ஓடுவது. மழை குறைந்த வருடத்தில் நிலக்கரியும் எண்ணெயும் அதிகம் எரிகிறது. அதற்கு வெளிநாட்டுக் காசு வேண்டும், 2022 இல் அது இல்லாமல் போனபோதுதான் அந்தப் பதின்மூன்று மணித்தியாலம்.

இன்னொன்று. என் அப்பத்தா காலத்தில் மின்நிலையக் கம்பிகள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலால் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தன, தொழிலாளர் இருந்த லயத்துக்குள் குப்பி விளக்கு. அடுப்புக்கு விறகு, அதை மலையிலிருந்து தலையில் சுமந்து வந்தார்கள். ஒரு கிலோ காய்ந்த விறகில் ஏறக்குறைய நாலு யூனிட் இருக்கிறது. மூன்று கல் அடுப்பில் அதில் சிறு பங்குதான் பானைக்குப் போகும், மிச்சம் அடுப்படியைச் சூடாக்கும். மஸ்கெலியாக் குளிரில் அந்தச் சூட்டில்தான் நாங்கள் படித்தோம், அது எங்களுக்கு வீண் இல்லை. கொழும்பில் அதே சூடு தொல்லை. இடத்துக்கு இடம் கணக்கு மாறுகிறது என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். தலைச்சுமை விறகைப் பற்றி வகுப்பில் பேசும்போது அதைச் சுமந்தது பெரும்பாலும் பெண்கள் என்பதையும் சொல்லுங்கள் டீச்சர்.


தெஹிவளை அம்மா எழுதியது:

எல்லாம் நல்லது. ஒரு தாயாக ஒன்றைச் சொல்லவேண்டும். பிள்ளைகளை வீட்டுப் பொலிஸ் ஆக்கிவிடாதீர்கள்.

மின்சாரம் சேமிப்பது பற்றி வகுப்பில் படித்துவிட்டு வந்த நாளில் என் மகன் அம்மம்மாவின் அறைக்குள் போய் ஃபேனை நிறுத்திவிட்டான். சித்திரை மாத வெயில். அம்மம்மா அவனிடம் ஒன்றும் சொல்லாமல் விசிறிமட்டையை எடுத்துக்கொண்டார். அவனுக்கு நல்ல வேலை செய்த திருப்தி. எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அம்மம்மாவின் ஃபேன் இரவு எட்டு மணித்தியாலம் ஓடினால் 0.6 யூனிட். அவன் குளிக்கிற 3500 வாட் ஹீட்டர் பத்து நிமிடம் ஓடினால் அதே அளவு. அதன் பிறகு யாருடைய ஃபேனிலும் அவன் கை வைக்கவில்லை, பச்சைத் தண்ணீரில் குளிக்கவும் தானாகவே தொடங்கினான். அளவு தெரியாமல் சேமிக்கச் சொன்னால் பிள்ளை கைக்கு எட்டுகிறதை நிறுத்தும். கைக்கு எட்டுவது வயதானவருடைய ஃபேனும் தங்கச்சி படிக்கிற லைட்டும்தான்.

டீச்சரின் வகுப்பில் மாதம் 30 யூனிட்டுக்குள் வாழ்கிற வீட்டுப் பிள்ளைகளும் இருக்கக்கூடும். அந்தப் பிள்ளையிடம் சேமிப்பைப் பற்றி நாம் சொல்லித்தர ஒன்றும் இல்லை. அங்கே ஒருவேளை படிக்க இன்னொரு பல்ப் வேண்டியிருக்கும். 9 வாட் பல்ப் ஒரு யூனிட்டுக்கு நூறு மணித்தியாலத்துக்கு மேல் எரியும் என்று தெரிந்தால், அந்த வீட்டு அம்மாவும் பயப்படாமல் போட்டுக்கொடுப்பார்.

பெரிய பிள்ளைகளுக்குப் பில்லையே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். விலை படி படியாக ஏறுவதை அவர்களே பார்க்கட்டும். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை வருவது கணித பாடத்துக்கும் உதவும்.


சனிவகுப்பு டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. போத்தல், மீற்றர், தண்ணீரின் பாதை மூன்றையும் எடுத்துவிட்டேன்.

போத்தல் தூக்குவது போட்டியாகவே மாறிவிட்டது. சின்னவர்களுக்கு அரை லீற்றர் கொடுத்து, இரண்டு தடவையை ஒன்றாக எண்ணினோம், கோடு போட்ட பிள்ளை ஒன்றையும் விடவில்லை. இலக்கைத் தொட்டதும் கைதட்டினார்கள். பிறகு என் வீட்டு மீற்றருக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனேன். பல்ப் போட்டபோது பொறுமை போனது ஐயா சொன்னபடியே நடந்தது. கேத்தலைப் போட்டபோது சத்தம் போட்டார்கள். ஒரு பையன், "டீச்சர், நாங்கள் எல்லாரும் சேர்ந்து தூக்கினதை இது இந்தா இப்ப ஒரு செக்கனில செய்யுது" என்றான். இதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இருக்கவில்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வரைபடத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினேன். தலவாக்கலையில் தாத்தா பாட்டி இருக்கிற ஒரு பிள்ளை எழுந்து நின்று, தங்கள் ஊரிலும் மேல் கொத்மலை அணை இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னாள். விறகு சுமந்த கதையையும் சொன்னேன் தம்பி. தெஹிவளை அம்மா சொன்னபடி "நிப்பாட்டு" என்ற சொல்லே இதுவரை வகுப்பில் வரவில்லை.

இப்போது ஒரு கேள்வி. தரம் 5 பிள்ளை ஒருத்தி கேட்டது. "சக்தியை ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாது என்று அக்காவின் புத்தகத்தில் இருக்குது. அப்ப கேத்தல் ஆறினால் அந்தச் சக்தி எங்கே? அழியாத சாமானை ஏன் டீச்சர் மிச்சம் பிடிக்கவேணும்?" அடுத்த சனிக்கிழமை இதை மட்டுமே எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்த வயதுக்குப் புரிகிற மாதிரி எப்படிக் காட்டலாம்?


நாலாம் மாடி எழுதியது:

அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தில் வெப்பவியல் படிப்பவர்கள் மல்லுக்கட்டுவதும் இதே கேள்வியோடுதான்.

ஒரு பெரிய பேசினில் 9 லீற்றர் சாதாரணக் குழாய்த் தண்ணீர் எடுங்கள். நம்முடைய சூட்டில் அது 28 பாகை அளவில் இருக்கும். இன்னொரு பாத்திரத்தில் ஒரு லீற்றர் சுடுநீர், 70 பாகைக்கு மேல் வேண்டாம், நீங்களே கையாளுங்கள். இரண்டையும் அளந்து பலகையில் எழுதுங்கள். அந்தச் சுடுநீரால் என்ன செய்யலாம் என்று முதலில் கேளுங்கள். தேத்தண்ணி, பால்மா கரைக்கலாம், எண்ணெய்ப் பாத்திரம் கழுவலாம் என்பார்கள். பிறகு பேசினில் ஊற்றிக் கலக்குங்கள். 32 பாகை அளவில் வந்து நிற்கும்.

சக்தி எங்கேயும் போகவில்லை, பேசினுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு லீற்றர் 38 பாகை இறங்கியிருக்கிறது, ஒன்பது லீற்றர் நாலு பாகை ஏறியிருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒத்துவரும். சின்ன வித்தியாசம் பேசினுக்கும் காற்றுக்கும் போனது. இப்போது இந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போடச் சொல்லுங்கள். முடியாது. அந்த ஒரு லீற்றரைத் திரும்ப எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதுவும் முடியாது. பரவிவிட்ட சக்தி தானாக ஒரு இடத்தில் வந்து சேராது. ஆறிய கேத்தலின் சக்தி இதேபோல் அறைக் காற்றிலும் சுவரிலும் பரவியிருக்கிறது.

மிச்சம் பிடிப்பது என்று நாம் சொல்வது, ஓரிடத்தில் திரண்டிருக்கிற சக்தியைப் பரவிப்போகாமல் வைத்திருப்பது. மவுசாக்கலையில் உயரத்தில் நிற்கிற தண்ணீர், சிலிண்டரிலுள்ள காஸ், விறகு, பாண், எல்லாம் திரண்ட சக்தி. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்றில் 160 யூனிட் அளவுக்கு அடைத்திருக்கிறது, அது எரிந்து சமையலறைச் சூடாகிவிட்டால் யாராலும் திரும்பச் சிலிண்டருக்குள் போடமுடியாது. திரட்டுகிற வேலையை இந்தப் பூமியில் பெரும்பாலும் சூரியன்தான் செய்கிறது. கடலிலிருந்து தண்ணீரை மேலே எடுத்து மலையில் மழையாகப் போடுவதும் அது, நெல்லையும் மரத்தையும் வளர்ப்பதும் அது, மன்னாரில் காற்றை வீசவைப்பதும் அது. நிலக்கரிகூட மிகப் பழைய காலத்துச் செடிகொடிகள் பிடித்துவைத்த வெயில். அந்தப் பிள்ளைக்கு இவ்வளவையும் ஒரே நாளில் சொல்ல வேண்டாம். பேசினைக் கலக்கிவிட்டு, "திரும்ப எடு பார்ப்போம்" என்று சொல்லிக் கொஞ்ச நேரம் விடுங்கள். தரம் 6 பிள்ளைகள் உறைய வைப்பது, கொதிக்க வைப்பது என்று ஏதாவது வழி சொல்வார்கள். ஒவ்வொரு வழிக்கும் புதிதாக எவ்வளவு கரண்ட் வேண்டும் என்று கேளுங்கள், அவர்களிடம் இப்போது மீற்றர்க் கணக்கு இருக்கிறதே.


பழைய வயர்மன் எழுதியது:

டீச்சர், வீட்டில் இருக்கிற காய்ச்சல் பார்க்கிற வெப்பமானியை அந்தச் சுடுநீரில் விட்டுவிடாதீர்கள். அது 35 இலிருந்து 42 பாகை வரைக்கும்தான், உடைந்துவிடும். ஆய்வுகூடத்தில் பாவிக்கிற, 100 பாகை வரை காட்டுகிற சிவப்புத் திரவ வெப்பமானி வாங்குங்கள், இரசம் உள்ளது பிள்ளைகள் நடுவில் வேண்டாம். என்னிடம் ஒன்று இருக்கிறது, வேண்டுமென்றால் சொல்லுங்கள், மகன் கொட்டாஞ்சேனைப் பக்கம் வேலைக்கு வரும்போது கொடுத்துவிடுகிறேன்.